அழுதால் கண்ணீர் வருகிறதே, பிறகு என்ன வறட்சி?

குழந்தைகளின் கண், வாய் வறட்சி: வாசகர் கேள்விகளும் மருத்துவக் குழுவின் பதில்களும்

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் தாக்குவதுதான் ஷோக்ரன் நோய். ஆட்டோ இம்யூன் நோய்களில் ஒன்று. ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோக்ரன் 1933-இல் தன் ஆய்வேட்டில் 19 பெண்களின் நோயை விவரித்தார். அன்றிலிருந்து இது நடுத்தர வயதுப் பெண்களுக்கு வருவது என்றே மனதில் பதிந்துவிட்டது. குழந்தைகளுக்கு அபூர்வமாகத்தான் வருகிறது என்பது உண்மை. ஆனால் வரும்போது வறட்சியாக வராமல் வேறு உருவில் வருவதால், வருடக்கணக்கில் வேறு பெயரில் வைத்தியம் நடக்கிறது. இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதைத்தான் சொல்கின்றன.

என் மகளுக்கு 9 வயது. ஒன்றரை வருடத்தில் நாலு தடவை காதோரம் கன்னம் வீங்கிவிட்டது. ஒவ்வொரு தடவையும் ‘பொன்னுக்கு வீங்கி’ என்று சொல்லி ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். மாமியார் அவள் கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டுவிட்டார். இப்போது ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு ஷோக்ரன் என்கிறார்கள். கண்ணோ வாயோ காய்கிறது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அழுதால் தாரை தாரையாகக் கண்ணீர் வருகிறது. நம்புவதா, வேண்டாமா?
— ஒரு தாய், திண்டுக்கல்

நம்பலாம் அம்மா. ஒரு தடவை பொன்னுக்கு வீங்கி வந்தவர்களுக்குப் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க எதிர்ப்பு சக்தி இருக்கும். இரண்டாம் தடவையே அபூர்வம். நாலாவது தடவையும் அதே பெயரைச் சொன்னால், வேறு காரணம் தேடவேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்று பொருள். வீக்கத்தின்போது ரத்தத்தில் அமிலேஸ் என்ற நொதியின் அளவு கூடியிருந்ததைக் காட்டி உங்களிடம் ‘அதுதான்’ என்று சொல்லியிருக்கலாம். உமிழ்நீர்ச் சுரப்பி எந்தக் காரணத்தால் வீங்கினாலும் அமிலேஸ் கூடும்; அதை வைத்து எதையும் பிரிக்க முடியாது.

குழந்தைகளின் ஷோக்ரன் நோயில் முதலில் கண்ணில் படும் அடையாளம் இந்தக் கன்ன வீக்கம்தான். காதுக்கு முன்னும் கீழும் இருக்கிற பரோடிட் சுரப்பி வீங்கும், சில நாளில் வடியும், சில மாதம் கழித்து மறுபடி வரும். ஒரு பக்கமாகவும் வரலாம், இரண்டு பக்கமும் வரலாம். சின்ன வயதுச் சுரப்பிகளுக்குக் கையிருப்பு அதிகம். ஒரு பகுதி கெட்டாலும் மீதி ஈடுகட்டிவிடும். அதனால் வறட்சி தெரிவதற்குச் சில வருடங்கள்கூட ஆகலாம். போதாததற்கு, படிப்படியாகக் காய்ந்துவரும் வாயைக் குழந்தை ‘எல்லோருக்கும் இப்படித்தான்’ என்று எடுத்துக்கொள்ளும். வாய் தானாக வந்து சொல்லாது; நாம்தான் பார்க்க வேண்டும்.

எதைப் பார்ப்பது? சோற்றுக்கு நடுவே ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் கேட்கிறாளா. பிஸ்கட்டைத் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடிகிறதா. இரவில் தண்ணீருக்காக எழுகிறாளா. நாக்கைத் தூக்கச் சொல்லி டார்ச் அடித்தால், அடியில் உமிழ்நீர் தேங்கி மினுங்க வேண்டும்; நுரைத்துப் பிசுபிசுவென்று இருந்தாலோ, ஒன்றுமே இல்லாவிட்டாலோ அது குறிப்பு. ஈறை ஒட்டியும் முன்பற்களிலும் சொத்தை விழுவதும் குறிப்பு. காரணம் தெரியாத மூட்டுவலி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், காலில் சிவப்புப் புள்ளிகள், பள்ளிவிட்டு வந்ததும் படுத்துவிடும் அசதி ஆகியவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கண்ணீர் பற்றி: அழும்போது வருவது வேறு, கண் விழித்திருக்கும் நேரமெல்லாம் கருவிழியை நனைத்துக்கொண்டே இருக்கிற மெல்லிய படலம் வேறு. முதலில் குறைவது இந்தப் படலம். அது குறைந்த பிறகும் அழுகைக் கண்ணீர் நெடுநாள் வரும். அழுகையை வைத்துக் கண்ணை எடைபோட வேண்டாம்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். திரும்பத் திரும்பக் கன்னம் வீங்கும் எல்லாக் குழந்தைக்கும் ஷோக்ரன் கிடையாது. 3 முதல் 6 வயதில் தொடங்கி, பருவம் எட்டும்போது தானே நின்றுவிடும் ஒரு வகைச் சுரப்பி அழற்சிதான் அதிகம். ஆனால் வீக்கம் பள்ளி வயதில் தொடங்கினாலும், பெண் குழந்தையானாலும், மூட்டுவலியோ தோல் தடிப்போ கூடவந்தாலும், உடலையே தாக்கும் எதிர்ப்புப் பொருட்கள் ரத்தத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கும் ஏஎன்ஏ, ஆன்டி-ரோ பரிசோதனைகளை ஒருமுறையாவது செய்துவிட வேண்டும்.

வீக்கம் வரும்போது வீட்டில் என்ன செய்யலாம்? ஆன்டிபயாடிக் வேண்டாமா?
— வாசகர், நாமக்கல்

வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியை 10 நிமிடம் ஒத்தடம் வையுங்கள். பிறகு விரல்களைக் காதுமடலுக்குக் கீழே வைத்து, கன்னத்தின் வழியே வாயின் ஓரத்தை நோக்கி மெதுவாக நீவிவிடுங்கள். பின்னிருந்து முன்னாக மட்டும். சுரப்பியின் குழாய் மேல் கடைவாய்ப் பல்லுக்கு நேரே, கன்னத்தின் உட்புறம் திறக்கிறது. தேங்கிய உமிழ்நீர் அந்த வழியாக வெளியேற வேண்டும். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. நிறையத் தண்ணீர் கொடுங்கள். வலிக்குப் பாராசிட்டமால், எடைக்கு ஏற்ற அளவில்.

நீவும்போது அந்தத் துளையைப் பாருங்கள். தெளிந்த நீர் வந்தால் ஆன்டிபயாடிக் தேவைப்படாது. மஞ்சளாகச் சீழ் வந்தாலோ, காய்ச்சலோடு கன்னம் சிவந்து தொடவிடாமல் வலித்தாலோ தேவை; அன்றே காட்டுங்கள். வடியாமல் மாதக்கணக்கில் கல்போல நிற்கும் வீக்கம் வேறு விஷயம். இந்த நோயில் சுரப்பிக்குள் நிணநீர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு உண்டு. குழந்தைகளிடம் மிக அரிது என்றாலும், அப்படி நிற்கிற வீக்கத்தை அல்ட்ராசவுண்ட் எடுக்காமல் விடக்கூடாது.

7 வயது மகன் சதா கண்ணைக் கசக்குகிறான், படபடவென்று சிமிட்டுகிறான். அவனுக்கும் இதுவாக இருக்குமோ?
— வாசகி, விருதுநகர்

பெரும்பாலும் இருக்காது. நம் வெயில் ஊர்களில், இந்த வயது ஆண் பிள்ளைகள் கண்ணைக் கசக்கினால் முதலில் நினைக்க வேண்டியது அலர்ஜி. அரிப்பு அதிகம், கோடையில் கூடும், நூல்போல இழுபடும் பீளை வரும். ஆட்டோ இம்யூன் வறட்சியில் அரிப்பைவிட எரிச்சலும் மண் விழுந்தது போன்ற உறுத்தலும் இருக்கும். மாலையாக ஆக, காற்றில் நிற்க நிற்கக் கூடும். வெளிச்சத்தைப் பார்க்கக் கூசும். பிறகு செல்போன்: திரையைப் பார்க்கும்போது சிமிட்டுவது வெகுவாகக் குறைந்துவிடும். இரவில் கண் மங்கினாலோ, வெள்ளை விழியில் நுரைபோல வெண்திட்டு இருந்தாலோ அது வைட்டமின் ஏ குறைபாடு.

மருந்துப் பையையும் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். தினமும் சளிக்காகவோ அரிப்புக்காகவோ கொடுக்கும் செட்டிரிசின் போன்ற மருந்துகளும் கண்ணையும் வாயையும் காயவைக்கும். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கி வாயால் மூச்சுவிடும் பிள்ளைக்குக் காலையில் வாய் காய்ந்துதான் இருக்கும்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். கண் சிவந்தால் உடனே தெளிகிறதே என்று, கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தொடராதீர்கள். சிவப்பு போகும்; கண்ணுக்குள் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறும், புரை விழும். அப்படிப் போன பார்வை திரும்பாது.

என்னென்ன பரிசோதனைகள் செய்வார்கள்? உதட்டில் தசை எடுக்க வேண்டும் என்கிறார்கள். குழந்தைக்கு இது தேவைதானா?
— வாசகர், தஞ்சாவூர்

ஷிர்மர் சோதனை முதலில். 5 மி.மீ. அகலம், 35 மி.மீ. நீளமுள்ள வடிதாள் பட்டையின் நுனியை மடித்துக் கீழிமையின் வெளிப்பக்கத்தில் மாட்டிவிடுவார்கள். 5 நிமிடத்தில் எத்தனை மி.மீ. நனைகிறது என்று பார்ப்பார்கள். 5 அல்லது அதற்குக் கீழே என்றால் வறட்சி. குழந்தை பயந்து அழுதுவிட்டால் எண் தவறாகக் கூடிவிடும். அதனால் முன்கூட்டியே வீட்டில் காகிதத் துண்டைக் காட்டிப் பழக்குங்கள். சோதனைக்கு 2 மணி நேரம் முன்பிருந்து சொட்டு மருந்து விடாதீர்கள். பிறகு சாயம் விட்டுக் கருவிழியில் காயம்பட்ட புள்ளிகளை எண்ணுவார்கள்.

உமிழ்நீருக்கு: சாப்பிடாமல், பல் துலக்காமல் ஒரு மணி நேரம் கழித்து, தலையைக் குனிந்து, விழுங்காமல், எடை பார்த்த ஒரு கப்பில் 15 நிமிடம் வழியவிட வேண்டும். 1 கிராம் கூடினால் 1 மி.லி. பெரியவர்களுக்கு 15 நிமிடத்தில் 1.5 மி.லி.க்கு மேல் வராவிட்டால் குறைவு. சிறு பிள்ளைகளிடம் இந்தச் சோதனை அவ்வளவு நம்பகமில்லை, பாதி விழுங்கிவிடுவார்கள். அதற்குப் பதில் சுரப்பிகளின் அல்ட்ராசவுண்ட் நல்ல வழி. வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை. சுரப்பி முழுக்கக் கருப்புப் பொட்டுகளாகத் தெரிந்தால் நோய் உள்ளே வேலை செய்திருக்கிறது. ஆனால் முன்சொன்ன சாதாரண அழற்சியிலும் இதேபோல் தெரியும் என்பதால் ரத்த முடிவோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

ரத்தத்தில் ஏஎன்ஏ, ஆன்டி-ரோ, ஆன்டி-லா, ஆர்எஃப் ஆகிய எதிர்ப்புப் பொருட்கள், ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவு, இஎஸ்ஆர், சோடியம், பொட்டாசியம், பைகார்பனேட். கூடவே சிறுநீர்ப் பரிசோதனை. இஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் அழற்சியைக் காட்டுபவை; இஎஸ்ஆர் 80, 90 என்று ஏறியிருந்தும் சிஆர்பி சரியாக இருந்தால் ஐஜிஜி கூடியிருக்கிறதா என்று பார்க்கத் தோன்ற வேண்டும்.

2016-இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் வகுத்த மதிப்பெண் முறையில் ஆன்டி-ரோவுக்கு 3, உதட்டுத் தசைக்கு 3, ஷிர்மர், கண் சாயச் சோதனை, உமிழ்நீர் அளவு ஒவ்வொன்றுக்கும் 1. மொத்தம் 4 வந்தால் ஷோக்ரன் என்று வகைப்படுத்தலாம். ஆனால் அது பெரியவர்களை வைத்து எழுதியது. வறட்சி வராத குழந்தை அதில் 3-லேயே நின்றுவிடும். அதனால் நோய் இல்லை என்று ஆகாது.

உதட்டுத் தசை: ஆன்டி-ரோ தெளிவாக இருந்து, அறிகுறிகளும் ஒத்துப்போனால் பல நேரம் தேவைப்படாது. ஆன்டி-ரோ இல்லாமல் சந்தேகம் மட்டும் இருந்தால் அதுதான் தீர்த்துச் சொல்லும். கீழுதட்டின் உட்புறம் மரத்துப்போக ஊசி போட்டு, சின்னக் கீறல் வழியே கடுகளவுச் சுரப்பிகள் நாலைந்தை எடுப்பார்கள். ஓரிரு தையல். இரண்டு நாள் ஆறிய கஞ்சி, தயிர்சாதம், காரம் வேண்டாம். கீறல் பட்ட இடத்தில் கொஞ்சநாள் மரத்துப்போன உணர்வு இருக்கலாம் என்பதை முன்னாலேயே குழந்தையிடம் சொல்லிவிடுங்கள்.

கண் சொட்டு மருந்து நாலு வகை எழுதியிருக்கிறார்கள். எதை எப்போது விடுவது? மகள் கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்கிறாள்.
— வாசகி, கோவில்பட்டி

இது முறையாக நடந்தால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி, அதனால் விரிவாகவே சொல்கிறோம்.

செயற்கைக் கண்ணீர்தான் அடிப்படை. சிஎம்சி எனப்படும் கார்பாக்ஸி மெத்தில் செல்லுலோஸ் 0.5 சதவீதம், அல்லது சோடியம் ஹைலூரோனேட் 0.1 முதல் 0.18 சதவீதம். அட்டைப் பெட்டியில் ‘பென்சால்கோனியம் குளோரைடு’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். மருந்து கெடாமல் இருக்கச் சேர்ப்பது அது. ஒரு நாளைக்கு 4 தடவைக்கு மேல் விட வேண்டியிருந்தால், காய்ந்த கருவிழியை அதுவே அரிக்கும். அதனால் பதப்பொருள் சேர்க்காத வகையைக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒருமுறை உபயோகிக்கும் குட்டிக் குப்பிகளை அன்றைக்கே தூக்கி எறிய வேண்டும். சாதாரணக் குப்பியைத் திறந்த நாளை மூடியில் எழுதி, ஒரு மாதத்தில் மாற்றுங்கள்.

விடும் முறை: கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, கண்ணை மூடிக்கொள்ளவே சொல்லுங்கள். மூக்கை ஒட்டிய கண் ஓரக் குழியில் ஒரு சொட்டு விடுங்கள். ‘இப்போ திற’ என்றால் மருந்து தானே உள்ளே போய்விடும். அடம்பிடிக்கும் பிள்ளையிடம் இதுதான் பலிக்கும். ஒரு சொட்டு போதும். கண்ணுக்குள் அதற்குமேல் நிற்க இடமில்லை, இரண்டாவது கன்னத்தில்தான் வழியும். குப்பி நுனி இமையில் படக்கூடாது. அடுத்த மருந்துக்கு 5 நிமிடம் இடைவெளி.

எரிந்தபிறகு விடுவது கடைசிக் கட்டம். எழுந்ததும், பள்ளிக்குப் புறப்படும்போது, மதிய இடைவேளையில், வீடு திரும்பியதும், படிக்க உட்காரும்முன் என்று நேரத்தோடு கட்டிவிடுங்கள். வகுப்பாசிரியரிடம் மருத்துவர் கையெழுத்திட்ட ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டால், பையில் குப்பியையும் மேசையில் தண்ணீர்ப் புட்டியையும் வைத்துக்கொள்ளத் தடை இருக்காது. படுக்கும்போது ஜெல்லோ களிம்போ, கடைசியாக. பார்வை மங்கும் என்பதால் பகலில் அது வேண்டாம்.

சைக்ளோஸ்போரின் 0.05 சதவீதச் சொட்டு எழுதியிருந்தால், அது ஈரப்படுத்த அல்ல. சுரப்பியைத் தாக்கும் அழற்சியைத் தணிக்க. காலை ஒன்று, மாலை ஒன்று. செயற்கைக் கண்ணீருக்கும் இதற்கும் 15 நிமிடம் இடைவெளி. முதல் சில வாரம் எரியும். பலன் தெரிய 2, 3 மாதம் ஆகும். ‘பத்து நாள் விட்டோம், எரிச்சல்தான் மிச்சம்’ என்று நிறுத்திவிடுவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தவறு. அப்படியும் வறண்டால், கண்ணீர் வடிந்துபோகும் துளையை மெல்லிய அடைப்பான் வைத்து மூடலாம். ஆனால் அழற்சி அடங்கிய பிறகுதான். இல்லாவிட்டால் அழற்சிப் பொருட்களும் சேர்ந்து கண்ணிலேயே தேங்கும்.

மின்விசிறிக்கு நேர்கீழே படுக்கவைக்காதீர்கள். பைக்கில் முன்னால் உட்காரவைத்துப் போகும்போது பக்கமும் மூடிய கண்ணாடி அணிவியுங்கள். புத்தகமோ திரையோ, 20 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பத்துத் தடவை இமையை முழுதாக மூடித் திறக்கச் சொல்லுங்கள்.

நந்தியாவட்டைப் பூச்சாறு, விளக்கெண்ணெய், தேன், தாய்ப்பால், மை எதுவும் கண்ணுக்குள் வேண்டாம். நல்ல கண்ணீர் கிருமியைக் கழுவித் தள்ளும். இந்தக் கண்ணில் அது இல்லை. கருவிழியில் ஏற்கனவே உராய்ந்த புண் வழியே கிருமி உள்ளே போனால் சில நாளிலேயே பார்வைக்கு ஆபத்து. திடீர் வலி, வெளிச்சம் பார்க்க முடியாமை, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, பார்வை மங்கல் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே கண் மருத்துவமனை.

மகனுக்கு 11 வயது. ஆறு மாதத்தில் ஏழு பல் சொத்தை. எலுமிச்சை மிட்டாய் சப்பினால் எச்சில் ஊறும் என்று கொடுத்து வந்தோம்.
— வாசகர், தருமபுரி

மிட்டாயை இன்றே நிறுத்துங்கள். எச்சில் ஊறும் என்பது சரி. ஆனால் வாயில் அமிலத்தன்மை பிஎச் 5.5-க்குக் கீழே போனால் பல்லின் எனாமல் கரையத் தொடங்கும். சாதாரண வாயில் உமிழ்நீர் அரை மணி, முக்கால் மணியில் அந்த அமிலத்தை ஆற்றிவிடும். உங்கள் மகன் வாயில் ஆற்ற ஆள் இல்லை. புளிப்பும் சர்க்கரையும் சேர்ந்த மிட்டாய் நாள் முழுக்க வாயில் இருந்தால், நாள் முழுக்கப் பல் கரையும். அதற்குப் பதில் சைலிட்டால் கலந்த, சர்க்கரை இல்லாத சூயிங்கம், சாப்பிட்டபின் 10 நிமிடம். மெல்லுவதே சுரப்பியைத் தூண்டும்.

எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்கு முக்கியம். பாயசமோ கேசரியோ சாப்பாட்டோடு ஒரே வேளையில் முடியட்டும். கடலைமிட்டாய், பேரீச்சை, பிஸ்கட், பூஸ்ட் போன்ற பானங்கள் என்று இடையிடையே வேண்டாம். சிரப்பாகக் கொடுக்கும் மருந்துகளையும் கணக்கில் சேருங்கள். பெரும்பாலானவை சர்க்கரைப் பாகுதான். மாத்திரை விழுங்கத் தெரிந்த பிள்ளைக்கு மாத்திரையாக மாற்றிக் கேளுங்கள்.

சாப்பாடு ஈரமாக இருக்கட்டும். ரசம்சாதம், பருப்புச்சாதம், மோர், தேங்காய்ப்பால் ஊற்றிய இடியாப்பம், குழைந்த பொங்கல், சாம்பாரில் ஊறிய இட்லி. முறுக்கு, தட்டை, வறண்ட சப்பாத்தி தொண்டையில் நிற்கும். தண்ணீரை மடமடவென்று குடிப்பதைவிட வாய்க்கு வாய் சிறு சிறு மடக்காக நனைப்பது நல்லது.

பற்பசையில் ஃபுளோரைடு இருக்க வேண்டும். நம் நாட்டில் பொதுவாக 1000 பிபிஎம் வரை கிடைக்கிறது. குழந்தைகளுக்கென்று விற்கும் சிலவற்றில் பாதிதான், மூலிகைப் பசைகள் சிலவற்றில் இல்லவே இல்லை. குழாயின் பின்புறம் படித்துப் பாருங்கள். 3 வயதுக்குக் கீழே அரிசி அளவு, 6 வரை பட்டாணி அளவு. இரவில் துலக்கியபின் துப்பச் சொல்லுங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். பல்லில் ஒட்டியிருக்கும் பசைதான் இரவெல்லாம் வேலை செய்யும். இதைச் சொன்னால் நம்ப மறுக்கும் பெற்றோர்தான் அதிகம். ஆனாலும் விடாதீர்கள்.

3 மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரிடம் 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு வார்னிஷ் பூசுங்கள். பூசிய அன்று சூடானதோ கடினமானதோ வேண்டாம், மறுநாள் காலைதான் துலக்க வேண்டும். நீங்கள் தருமபுரி என்பதால் கேட்பீர்கள்: நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு அதிகமாயிற்றே? அதனால் ஃபுளோரைடு மாத்திரை எதுவும் கொடுக்கக்கூடாது. ஆனால் பல்லின் மேல் பூசுவது விழுங்குவதல்ல. பல் மருத்துவர் கையால் பூசுவது உங்கள் ஊரிலும் சரியே.

இன்னொன்று. கடைவாயில் வெடிப்பு, நாக்கு சிவந்து வழவழவென்று ஆகி, மிளகாய் பட்டால் துள்ளுவது. இதைப் பார்த்ததும் பி காம்ப்ளெக்ஸ் கொடுப்பது நம் வழக்கம். வறண்ட வாயில் இது பெரும்பாலும் கேண்டிடா பூஞ்சை. வெள்ளையாகப் படியாமல் சிவப்பாகவும் வரும். மருத்துவர் பார்த்து எழுதினால் 1 சதவீத குளோட்ரிமசோல் வாய்ப் பூச்சு, உணவுக்குப் பின், சுமார் 2 வாரம். பிரஷ்ஷையும் புதிதாக மாற்றுங்கள், பழையதிலிருந்தே திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

உடல் சூட்டால்தான் எல்லாம் காய்கிறது, வாரம் இருமுறை எண்ணெய் தேய்த்துக் குளித்தால் சரியாகும் என்கிறார் என் அப்பா.
— வாசகி, காரைக்குடி

எண்ணெய்க் குளியலால் கெடுதல் இல்லை. தோல் வறட்சிக்கு நல்லதுகூட. நோய்க்குக் காரணம் சூடு அல்ல. உங்கள் அப்பாவின் மனம் நோகாமல் குளியலையும் நடத்துங்கள், சொட்டு மருந்தையும் விடுங்கள். இரண்டாவதை நிறுத்திவிட்டு முதலாவதை மட்டும் செய்வதுதான் ஆபத்து.

14 வயதுப் பெண். ஒருநாள் காலை எழுந்தால் கால் அசையவில்லை. பக்கத்து மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள், கை இன்னும் தளர்ந்தது. பெரிய மருத்துவமனையில் பொட்டாசியம் 2.1 என்றார்கள். அதற்கும் ஷோக்ரனுக்கும் என்ன சம்பந்தம்?
— ஒரு தந்தை, கள்ளக்குறிச்சி

நேரடிச் சம்பந்தம். எதிர்ப்பு சக்தி சிறுநீரகத்தின் நுண்குழாய்களையும் தாக்கும். அப்போது அவை உடலின் அமிலத்தை வெளியேற்ற முடியாமல், பொட்டாசியத்தை மட்டும் இழந்துகொண்டே இருக்கும். ரத்தம் அமிலமாகியும் சிறுநீரின் பிஎச் 5.5-க்கு மேலேயே நிற்பது இதன் கையெழுத்து. இதை டிஸ்டல் ஆர்டிஏ என்பார்கள். பொட்டாசியம் இறங்கினால் தசை தளரும். நாளாக நாளாக எலும்பு மெலியும், சிறுநீரகத்தில் கல் விழும், குழந்தை உயரமாக வளராது. கண்ணும் வாயும் காய்வதற்கு முன்னாலேயே இது தலைகாட்டலாம். இந்திய மருத்துவமனைகளில் கைகால் தளர்ந்து வந்து ஷோக்ரன் என்று தெரிந்தவர்கள் பலர்.

குளுக்கோஸ் ஏற்றினால் இன்சுலின் சுரந்து, ரத்தத்தில் மிச்சமிருக்கும் பொட்டாசியத்தையும் செல்லுக்குள் தள்ளிவிடும். அதனால்தான் தளர்ச்சி கூடியது. அமிலத்தைச் சரிசெய்ய முதலிலேயே பைகார்பனேட் கொடுத்தாலும் இதே கதைதான். பொட்டாசியம் ஏறிய பிறகே அது. குறைந்த பொட்டாசியம் இதயத் துடிப்பைத் தடுமாறவைக்கும், மூச்சுத் தசையையும் தளர்த்தும். அதனால் இது வீட்டில் இளநீர் கொடுத்துப் பார்க்கிற விஷயமே அல்ல. பின்னர் தினசரி பொட்டாசியம் சிட்ரேட் போன்ற மருந்து நெடுநாள் தொடரும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் உடனே அளவு பார்க்க வேண்டும். ‘டிஸ்டல் ஆர்டிஏ, பொட்டாசியம் குறையும், குளுக்கோஸ் மட்டும் ஏற்றக்கூடாது’ என்று ஓர் அட்டையில் எழுதி மகளின் பையிலும் உங்கள் சட்டைப்பையிலும் வையுங்கள்.

ஷோக்ரன் உறுதியான எந்தக் குழந்தைக்கும், அறிகுறி இல்லாவிட்டாலும், பொட்டாசியம், பைகார்பனேட், சிறுநீர் மூன்றையும் அவ்வப்போது பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். செலவு குறைவு. இவ்வளவு பெரிய விபத்தைத் தடுக்கும்.

இந்த நோய்க்கு எழுதும் ஹைட்ராக்ஸி குளோரோகுயின் மாத்திரை கண்ணைக் குருடாக்கும் என்று இணையத்தில் படித்தேன். கண் நோய்க்கே கண்ணைக் கெடுக்கும் மருந்தா?
— வாசகி, சென்னை

அளவு மீறி, பல வருடம் சாப்பிட்டால் விழித்திரையைப் பாதிக்கும். அதனால்தான் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மி.கி. என்ற வரம்பு. 24 கிலோ பிள்ளைக்கு நாளைக்கு 120 மி.கி., வாரத்துக்கு 840. நமக்குக் கிடைப்பது 200 மி.கி. மாத்திரை என்பதால் மருத்துவர் ‘வாரத்தில் 4 நாள் ஒன்று’ என்று எழுதுவார். தினமும் ஒன்று என்று நீங்களாக மாற்றிவிடாதீர்கள். தொடங்கிய முதல் வருடத்துக்குள் ஒரு விழித்திரைப் பரிசோதனை, 5 வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்னதாகவே. சாப்பாட்டோடு கொடுங்கள், கசப்பு தாங்காது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பூட்டி வையுங்கள். சில மாத்திரைகள் விழுங்கினாலே சின்னக் குழந்தைக்கு உயிராபத்து.

ஆனால் எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். 2014-இல் பிரான்ஸில் 120 பெரியவர்களிடம் நடந்த ஆய்வில், 24 வாரத்தில் வறட்சி, வலி, அசதி எதிலும் இது மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை. மூட்டுவலி, தோல் தடிப்பு உள்ள பிள்ளைகளுக்கு வாதநோய் மருத்துவர்கள் அனுபவத்தால் இன்னும் எழுதுகிறார்கள். பலன் தெரிய 2, 3 மாதம் ஆகும். மாத்திரை தொடங்கியாயிற்று என்று சொட்டு மருந்தையும் ஃபுளோரைடையும் தளர்த்தக்கூடாது. சிறுநீரகம், நுரையீரல், நரம்பு பாதித்தால்தான் ஸ்டீராய்டு மாத்திரையும் மற்ற வலுவான மருந்துகளும். அவற்றைச் சாப்பிடும்போது, உயிருள்ள கிருமி சேர்ந்த தடுப்பூசிகளை மருத்துவரிடம் கேட்காமல் போடக்கூடாது.

வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் எதிர்ப்பு சக்தி நோய்களுக்கென்றே தனித் துறை இருக்கிறது. போகும்போது வீக்கம் வந்த தேதிகளையும், வீங்கிய முகத்தை நேரே ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக எடுத்த செல்போன் படங்களையும் கொண்டுபோங்கள். நீங்கள் போகும் நாளில் கன்னம் வடிந்துதான் இருக்கும்.

எனக்கு ஷோக்ரன் இருக்கிறது. மூத்த மகளுக்கு வருமா? இப்போது மறுபடி நான்கு மாத கர்ப்பம்.
— வாசகி, புதுக்கோட்டை

ஆட்டோ இம்யூன் நோய்கள் குடும்பத்தில் கூடுதலாகத் தென்படும். ஆனால் அம்மாவிடமிருந்து மகளுக்கு அப்படியே இறங்கும் நோய் இதுவல்ல. மகளுக்கு அறிகுறி எதுவும் இல்லாமல் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டாம்.

வயிற்றில் இருக்கும் குழந்தைக்குத்தான் இப்போது கவனம். உங்களுக்கு ஆன்டி-ரோ இருந்தால் அது நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போகும். 100-இல் சுமார் 2 குழந்தைக்கு இதயத் துடிப்பு இறங்கும் ‘ஹார்ட் பிளாக்’ வரலாம். முன்பு ஒரு குழந்தைக்கு வந்திருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். 16 முதல் 26 வாரம் வரைதான் முக்கியமான காலம், நீங்கள் அதன் வாசலில் இருக்கிறீர்கள். ஆன்டி-ரோ முடிவை எடுத்துக்கொண்டு இந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் சொல்லி, கருவின் இதய எக்கோவுக்குத் தேதி வாங்குங்கள். ஹைட்ராக்ஸி குளோரோகுயின் சாப்பிட்டுவந்தால் கர்ப்பம் என்று நீங்களாக நிறுத்த வேண்டாம். கர்ப்பத்தில் தொடரக்கூடிய மருந்து அது.